நோட்டுல ஒண்ணுமே இல்லியே, மிஸ்!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எல்கேஜி நோட்டின் வெற்றுப் பக்கம். கீழே, "மிஸ், ஒரு வாரமா ஒண்ணுமே எழுதல. இதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?" இந்த ஜூனில் இது நாலாவது. முதல் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டுவிட்டேன்.

பெங்களூரு அல்சூர் பக்கம் 14 வருடமாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பையனுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. அந்த வாரம் அவன் என்ன படித்தான் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

திங்கட்கிழமை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். செவ்வாய் அழுகை பத்து நிமிடத்தில் நின்றது. அம்மா போனாலும் திரும்பி வருவாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதை நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? புதன்கிழமை சறுக்குமரத்தில் முன்னால் நின்றவளைத் தள்ளாமல் காத்திருந்தான், முழுதாக இரண்டு பேர் போகும்வரை.

அப்புறம் டிஃபன் டப்பா. திங்களன்று ஆயாம்மாவிடம் நீட்டினான். மறுநாள் ஒரு பக்கக் கொக்கியை மட்டும் நான் தளர்த்திக் கொடுத்தேன். புதனன்று பல்லால் கடித்துப் பார்த்தான். வியாழக்கிழமை டப்பாவை வயிற்றோடு அணைத்து, கட்டைவிரலால் நெம்பினான். டப்பென்று திறந்து எலுமிச்சை சாதம் பாதி பாயில் கொட்டியது. மீதியைத் தானே அள்ளிச் சாப்பிட்டான். நாளைக்கு பென்சிலைப் பிடிக்கப்போவது அந்தக் கட்டைவிரல்தான் அம்மா.

இன்னொன்று. ஆயாம்மாவிடம் கன்னடத்தில் "நீரு பேக்கு" என்கிறான், என்னிடம் "வாட்டர் மிஸ்" என்கிறான், வேனில் ஏறியதும் அண்ணனிடம் "தண்ணி குடு" என்கிறான். யாரிடம் எந்த மொழி என்று யாரும் பாடம் நடத்தவில்லை. 'வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா மிஸ்' என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம்.

சீக்கிரம் எழுதினால் சீக்கிரம் படிப்பு வரும் என்ற நம்பிக்கைதான் எனக்குத் தீராத தலைவலி. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், கடைசி எலும்புக்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். நாலு வயதில் ஏறக்குறைய பாதிதான் தேறியிருக்கும். விரல்களின் சிறு தசைகளும் இன்னும் பழகவில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு பக்கம் 'ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்' போடச் சொன்னால், குழந்தை முதலில் கற்றுக்கொள்வது நோட்டைக் கண்டால் ஓடுவதற்கு.

போன வருடம் ஒரு யூகேஜி குழந்தை. மூன்று வயதிலிருந்தே டியூஷன். 1 முதல் 100 வரை முத்து முத்தாக எழுதுவாள். "அஞ்சு புளியங்கொட்டை குடும்மா" என்றேன். கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். எத்தனை என்று கேட்டதும் என் முகத்தையே பார்த்தாள். ஐந்து என்பது அவளுக்கு ஒரு படம், அவ்வளவுதான்.

எழுத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. விஜயதசமி அன்று பச்சரிசியில் எழுத வைக்கும்போது குழந்தையிடம் பென்சிலா கொடுத்தோம்? விரலால்தானே எழுத வைத்தோம்? இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். அந்த அம்மையாரும் சொரசொரப்பான உப்புத்தாள் எழுத்தைத்தான் விரலால் தடவச் சொன்னார். 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்வதற்கு இருக்கும் மதிப்பு இதற்கெல்லாம் இல்லை!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பட்டாணி உரிக்க விடுங்கள். சட்டைப் பொத்தானை அவனே போடட்டும், அதற்கு வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னால் எழுப்பினால் போதும். கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். டியூஷனை நிறுத்துங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சாயங்காலம் "என்ன எழுதின?" என்று கேட்காமல் "யார் பக்கத்துல உக்காந்த?" என்று கேட்டுப் பாருங்கள்.

கவலைப்பட வேண்டிய விஷயங்களும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை, நாலு வயதாகியும் அவன் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை, முன்பு பேசிய வார்த்தைகள் காணாமல் போகின்றன என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். வெற்று நோட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த நோட்டை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். பையில் அந்த இடத்தில் ஒரு மாற்று நிஜார் வைத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை மண்ணும் தண்ணீரும் விளையாடப் போகிறோம்.