கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இரண்டு வகை அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த நாடுகளின் மனநோயாளர் விடுதிகளில் மனநோயைவிடச் சீதபேதியும் வயிற்றுப்போக்கும் காசநோயுமே பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோயின. அதனால் விடுதி மருத்துவர்களின் கவனமெல்லாம் வடிகால், குடிநீர், மலக்கழிவு அகற்றல், சுவருக்குச் சுண்ணாம்பு, ஒருவருக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு ஆகியவற்றிலேயே இருந்தது. சீதபேதியைப் பொறுத்தவரை அது சரியான கவனந்தான். ஆனால் மலாயாவின் விடுதிகளையும் சிறைகளையும் ஈயச் சுரங்கங்களையும் வாட்டிய பெரிபெரி என்ற நோய் இந்தச் சுத்தத்துக்கெல்லாம் கட்டுப்படவில்லை.

பெரிபெரி காலில் தொடங்கும். பாதம் மரத்துப்போகும், கெண்டைக்காலை அழுத்தினால் நோயாளி துடித்துப்போவார், குந்தி உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார், கையூன்றாமல் எழ அவரால் முடியாது. சிலருக்குக் கால் மெலிந்து சூம்பும், சிலருக்கு நீர்கோத்து வீங்கும். இரண்டாவது வகையில் இதயம் விரிந்து திடீரெனச் சாவு நேர்வதும் உண்டு. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுவதைப் பார்த்தவர்கள், அந்த இடத்து மண்ணிலோ தரையிலோ ஏதோ தொற்று குடியிருப்பதாக நினைத்ததில் வியப்பில்லை.

மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடம் பெரிபெரி மிகுந்திருந்தது. தேவைப்படும்போதெல்லாம் நெல்லைக் குத்திச் சமைத்த மலாய்க்காரரிடம் அது அரிது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், மற்ற நோய்களால் எவ்வளவு செத்தாலும், பெரிபெரியால் அநேகமாகப் பாதிக்கப்படவில்லை. பச்சரிசி கெட்டுப்போகும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாவதாக பிராடன் கருதினார். அவர் சொன்ன காரணம் தவறு. சுட்டிக்காட்டிய பொருள் சரி.

இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியின் பொறுப்பிலிருந்த வில்லியம் ஃபிளெட்சர். அரிசிதான் காரணம் என்பதில் அவருக்கு முதலில் நம்பிக்கை இல்லை. 1905 டிசம்பரில் விடுதியிலிருந்த எல்லோரையும் உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடப்பக்கத்திலிருந்து எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போய் வழக்கமான சயாம் பச்சரிசியையே தொடர்ந்து உண்டனர். இரட்டைப்படை எண்காரர்களுக்கு மேற்குப் பக்க வார்டு. உணவில் மற்றதெல்லாம் அதே அளவு, அரிசி மட்டும் வங்காளத்துப் புழுங்கல். நோய் இடத்தைச் சார்ந்ததென்ற ஐயத்தையும் விட்டுவைக்காமல், 1906இன் நடுவில் இரு பிரிவினரையும் வார்டு மாற்றிக் குடியமர்த்தினார். அரிசி மாறவில்லை, சுவர்கள் மட்டும் மாறின. நோய் பழைய சுவர்களோடு தங்கிவிடாமல் பச்சரிசிக்காரர்களுடனேயே போயிற்று.

புதிதாக வந்தவர்களையும் சேர்த்து, ஆண்டு முடிவில் பச்சரிசிப் பிரிவில் 120 பேர்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கண்டிருந்தது, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் 123 பேர். விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர யாருக்கும் பெரிபெரி இல்லை, அந்நோயால் ஒரு சாவும் இல்லை. 1907இல் வெளியிட்ட முடிவில் ஃபிளெட்சர் மூன்று வாய்ப்புகளை முன்வைத்தார்: அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதம் போதாமல் இருக்கலாம், அல்லது சத்துக்குறைவால் தளர்ந்த உடலில் ஏதோ கிருமி நுழையலாம். மூன்றுமே விடையல்ல. இருந்தும் சோதனையின் அமைப்பு இன்றைக்கும் மெச்சத்தக்கது. ஆராய்ச்சியாளர் விருப்பப்படி ஆளைப் பொறுக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்ததே அதன் வலிமை. அந்த வரிசையில் நின்றவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும்.

இனி நெல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். தயமின் எனப்படும் பி1 வைட்டமின் மணியின் வெண்மையான மாவுப்பகுதியில் மிகக் குறைவு. முளையிலும் தவிட்டை ஒட்டிய மெல்லிய படலத்திலுமே அது செறிந்திருக்கிறது. பச்சையாகவே உலர்ந்த நெல்லை ஆலையில் தீட்டும்போது முளையும் தவிடும் உதிர்ந்து, தயமினும் கோழித்தீவனத்தோடு போய்விடுகிறது. புழுக்கும்போது நெல் உமியோடு தண்ணீரில் ஊறுகிறது. நீரில் கரையும் தயமின் அந்த ஈரத்தோடு உள்நோக்கி நகர்கிறது. உமி வாய்பிளக்கும்வரை அவிக்கையில் மாவுச்சத்து வெந்து குழைந்து, களத்தில் காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகி, உள்ளே வந்த சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி மணிக்குள் தங்கிவிடும். அரிசியைக் களையும்போது கழுநீரோடு போகும் இழப்பும் புழுங்கலில் குறைவு.

தீட்டிய பச்சரிசியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தயமின் புழுங்கலில் உண்டு. பருப்பும் காய்கறியும் இறைச்சியும் தாராளமாகக் கிடைப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் தட்டில் சோறே முக்கால்வாசியாக இருக்கும் விடுதிவாசிக்கு உயிர் அதில்தான் இருந்தது. மாவுச்சத்திலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் நொதிகள் தயமின் இல்லாமல் இயங்கா. சோறு கூடக்கூட அதன் தேவையும் கூடுகிறது. உடலில் இருக்கும் சேமிப்போ சுமார் 30 மில்லிகிராம், சில வாரங்களுக்குத்தான் வரும். ஓயாமல் ஆற்றல் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தடுமாறுகின்றன.

ஃபிளெட்சரைத் தொடர்ந்து ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்து, தீட்டும்போது நீங்கும் பகுதியில்தான் சத்து இருப்பதைக் காட்டினார்கள். அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926இல், ஜாவாவில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர்களான யான்சனும் டோனாத்தும். அவர்கள் அதை எடுத்ததும் அரிசித் தவிட்டிலிருந்தே.