ஒரு குரல் தூரத்துக்குள்

காட்டில் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடித்து ஓடுகிற ஓரியண்டீரிங் பந்தயத்தின் விதிப்புத்தகத்தை முதல்முறை புரட்டுகிறவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆளுக்கொரு விசில் கட்டாயம். குழுவில் யாரும் பிரிந்து போகக் கூடாது. வழி தேட ஜிபிஎஸ் கூடாது. பாதியில் விட்டுவிட்டாலும் முடிவிடத்துக்கு வந்து பெயர் கொடுத்தே ஆக வேண்டும். சுற்றுலாவுக்கு முந்தின நாள் வாத்தியார் சொல்கிற மாதிரி இருக்கும். ஜிபிஎஸ் தடை விளையாட்டின் ருசிக்காக, அதை விட்டுவிடலாம். மற்ற விதிகளைக் கிளறினால், ஒவ்வொன்றுக்கும் அடியில் நம் உடம்பின் ஏதோ ஒரு கோளாறு கிடக்கிறது.

பந்தயம் இதுதான்: காட்டில் ஒரு பாறை இடுக்கிலோ ஓடை வளைவிலோ ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்கூடு தொங்கும். பக்கத்துக்கு 30 செ.மீ. அகலம். அதற்குக் 'கண்ட்ரோல்' என்று பெயர். வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து அதைக் கண்டுபிடித்து, விரலில் மாட்டிய சிப்பை அங்குள்ள பெட்டியில் செருகி, 'பீப்' சத்தம் கேட்டதும் அடுத்ததற்கு ஓட வேண்டும். இதன் நீண்ட குழு வடிவம் ரோகெய்ன். 1970களில் ஆஸ்திரேலியாவில் உருவானது; 24 மணி நேரம் வரை நடக்கும். ஒரு குழுவில் 2 முதல் 5 பேர். எந்தக் கண்ட்ரோலுக்கு எந்த வரிசையில் போவது என்பது அவர்கள் இஷ்டம்.

சரி, நேராக நடப்பதில் என்ன கஷ்டம்? நம்மால் முடியாது என்பதுதான் கஷ்டம். 2009இல் யான் சௌமனும் சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் ஒரு சமதளக் காட்டில் ஆறு பேரை விட்டு, ஒரே திசையில் மணிக்கணக்கில் நடக்கச் சொன்னார்கள். வெயில் இருந்தபோது நடந்த இரண்டு பேர் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்த நான்கு பேரும் வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த தடத்தையே மறுபடி கடந்தது பலருக்குத் தெரியவே இல்லை. கண்ணைக் கட்டி விட்டால் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே வட்டம் போட்டவர்களும் உண்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்ற பழைய விளக்கம் இங்கே எடுபடவில்லை. 'நேர்' என்று மூளை நம்புகிற திசை ஒவ்வொரு அடியிலும் துளித்துளியாக விலகுகிறது. சூரியன் மாதிரி ஓர் அடையாளம் வெளியே இல்லையென்றால் அந்தத் துளிகள் சேர்ந்துகொண்டே போகும்.

திசைகாட்டி அந்த வெளி அடையாளம். ஆனால் அதைப் பிடிப்பதும் நடுங்குகிற ஒரு கைதான். ஐந்து டிகிரி தப்பினால் 500 மீட்டர் முடிவில் கிட்டத்தட்ட 44 மீட்டர் தள்ளி நிற்போம். அடர்ந்த புதரில் 30 செ.மீ. துணிக்கூட்டுக்கு அது வெகுதூரம். அனுபவசாலிகள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் ஓடைக்கரையில் இருந்தால் அதைக் குறிவைக்காமல், வேண்டுமென்றே இடப்பக்கம் தள்ளிப் போவார்கள். ஓடையைத் தொட்டதும் யோசனையே இல்லாமல் வலப்பக்கம் திரும்பலாம். நேராகக் குறிவைத்தவர் ஓடைக்கரையில் நின்று, இடமா வலமா என்று திண்டாடிக்கொண்டிருப்பார்.

குழு என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஒருவர் வரைபடத்தைக் கட்டைவிரலால் பிடித்தபடி வருவார். விரல்நுனி இருக்குமிடம்தான் இப்போது நிற்குமிடம். ஒருவர் திசை பார்ப்பார். ஒருவர் காலடி எண்ணுவார். "இருநூறு மீட்டர் தாண்டியாச்சு, ஓடை எங்கே?" என்று மூன்றாமவர் கேட்கும்போதே தவறு பிடிபடுகிறது.

ரோகெய்ன் விதியின்படி, ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டும் தூரத்துக்குள் குழு எப்போதும் இருக்க வேண்டும். விதிப்புத்தகத்திலேயே ஆகச் சிறந்த வரி என்று நான் சொல்வேன். காரணம் குளிர். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்துக் கணக்கு தொடங்குகிறது. கை தடுமாறும், நாக்கு குழறும், புத்தி மந்தமாகும். பாதிக்கப்பட்டவரைக் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார். பொய் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளையே குளிர்ந்துபோயிருக்கிறது. கடும் வெயிலில் உடம்பு கொதித்தாலும் இதே கதைதான். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தால், பேச்சு குழறுவது அவர் காதில் விழும். நூறு மீட்டர் முன்னால் ஓடுகிறவருக்கு விழாது.

விசிலுக்கும் அறிவியல் உண்டு. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். விசில் சத்தம் அந்த வீச்சில் விழுகிறது. கத்திக்கொண்டே இருந்தால் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். கால் உடைந்து படுத்திருப்பவராலும் விசில் ஊத முடியும். மலைப்பகுதிகளில் பரவலான வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட மௌனம், மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதல். அந்த மௌனம் ஓய்வுக்கு மட்டுமல்ல, பதில் வருகிறதா என்று கேட்பதற்கும்தான். விசிலைக் கேட்டவர் எவ்வளவு முன்னணியில் இருந்தாலும் பந்தயத்தை விட்டுவிட்டு உதவிக்குப் போக வேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

அப்புறம் நேரம். ரோகெய்னில் தாமதமாக வந்தால், கண்ட்ரோல்களில் சேர்த்த புள்ளி நிமிடக் கணக்கில் போகும். ரொம்பவும் தாமதமானால் மொத்தமும் போகும். கண் முன்னால் இன்னொரு கண்ட்ரோல் தெரியும்போது, திரும்ப ஆகும் நேரத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுவார்கள். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். முடிவிடம் 4 கி.மீ. தூரம், வழியில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். இருட்டும் களைப்பும் இதில் சேரவில்லை. கடிகாரத்தில் 80 நிமிடம்தான் மிச்சம் என்றால் அந்தக் கண்ட்ரோலுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

கடைசியாக அந்தப் பெயர் கொடுக்கும் விதி. முடிவிட மேசையில் இருப்பவருக்குத் தெரிந்தது ஒரு பட்டியல் மட்டும்தான். டிக் விழாத பெயர் என்றால் அந்த ஆள் காட்டில் இருக்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்ள முடியும். காத்திருக்கும் நேரம் தாண்டியதும் தலைவிளக்கு கட்டிய தேடுதல் குழு இருட்டுக்குள் இறங்கும். வழுக்குப் பாறையில் அவர்களுக்கும் கால் தவறலாம். அந்த நேரத்தில், சொல்லாமல் கிளம்பிப் போனவர் வீட்டில் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.