போட்டோ ஃபினிஷ் – படத்தீர்ப்பு

இடைத்தேர்தலில் ஒருவர் சில நூறு வாக்குகளில் கரையேறினாலும் ‘போட்டோ ஃபினிஷ்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே படமும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. சொல்லின் அசல் பொருள் குறுகலானது: கோட்டை முதலில் தொட்டது யார் என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது, படத்தைப் பார்த்து வெற்றியாளரை அறிவிப்பது.

சொல் வந்தது குதிரைப் பந்தயத்திலிருந்து. பணம் கட்டியவர்கள் நடுவரின் கண்ணை மட்டும் நம்புவார்களா? 1930களில் அமெரிக்கத் திடல்களில் இதற்கென்றே கேமரா பரவியது. மெல்லிய பிளவு வழியாக அது எல்லைக்கோட்டை மட்டுமே பார்க்கும்; கோட்டைக் கடப்பவற்றை, கடந்த வரிசையிலேயே ஓடும் படச்சுருளில் பதிக்கும். அந்தப் படத்தின் குறுக்கே நாம் அளப்பது தூரத்தை அன்று, நேரத்தை.

இப்படியொரு கேமரா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயமே சாட்சி. 1959 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை, முதலாவது டேட்டோனா 500 பந்தயம். லீ பெட்டியின் ஓல்ட்ஸ்மொபீலும் ஜானி பீச்சமின் தண்டர்பேர்டும் ஒட்டியபடி கோட்டைக் கடந்தன. போதாக்குறைக்கு, சுற்றுக் கணக்கில் பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் காரும் அதே நொடியில் பக்கத்தில் வந்து குழப்பியது. பீச்சம் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். பெட்டி ஏற்கவில்லை. நாஸ்கார் தலைவர் பில் பிரான்ஸ், பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களையும் செய்திப்படச் சுருளையும் திரட்டிப் பார்த்தார். 61 மணி நேரம் கழித்து, புதன்கிழமை, வெற்றி பெட்டிக்குப் போனது.

இன்று கார்களில் நேரம் கணிக்க மின்னணுக் கருவி இருக்கிறது. ஆனாலும் கேமராவுக்கு வேலை போகவில்லை. 2024 மே மாதம் கேன்சஸ் பந்தயத்தில் கிறிஸ் பியூஷர்தான் முதலில் வந்ததாக நேரப்பலகை காட்டியது. படத்தைப் பார்த்த பிறகு கைல் லார்சன் வென்றார், 0.001 வினாடி வித்தியாசத்தில். நாஸ்கார் முதன்மைத் தொடரின் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளி அதுவரை இல்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நூலிழையில் வெற்றி’ அழகான வழக்கு, ஆனால் அது இடைவெளியைச் சொல்கிறதே தவிர, முடிவு செய்த விதத்தைச் சொல்வதில்லை. ‘ஒளிப்பட முடிவு’ என்றால் ஏதோ ஒளிப்படம் முடிந்துபோனதாகத் தோன்றுகிறது. என் தேர்வு ‘படத்தீர்ப்பு’. ‘லார்சன் படத்தீர்ப்பில் வென்றார்’ என்று எழுதினால் நடந்தது என்ன என்று புரிந்துவிடும். தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நூலிழையே போதும். படத்திலும் பிரிக்க முடியாமல் இருவரும் ஒன்றாகவே வந்திருந்தால் அது ‘டெட் ஹீட்’. அதற்குச் ‘சரிசமம்’ என்ற பழைய சொல்லே பொருந்தும்.