சொல் விளக்கம்: கிராஸ் ப்ரொடெக்‌ஷன் என்றால் உறவுக் காப்பு

காங்கயம் பக்கம் ஒரு கட்டுத்தரை. பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக லம்பி நோய் வந்துவிட்டதால், கால்நடை மருத்துவர் ஊசியோடு வந்திருந்தார். குப்பியைப் பார்த்தால் ஆட்டம்மைத் தடுப்பூசி.

“ஏனுங்க, ஆட்டு ஊசிய மாட்டுக்குப் போடறீங்க?” என்றார் வீட்டு ஆத்தா.

“ரெண்டு நோயும் பங்காளிங்க ஆத்தா. ஒண்ணுக்குப் போட்டா இன்னொண்ணையும் தடுக்குமுங்க.”

இதுதான் கிராஸ் ப்ரொடெக்‌ஷன். மாட்டு லம்பி, செம்மறி அம்மை, வெள்ளாட்டம்மை மூன்றின் வைரஸும் கேப்ரிபாக்ஸ் என்ற ஒரே பேரினம். லத்தீனில் ‘கேப்ரா’ என்றால் வெள்ளாடு. மேலுறைப் புரதங்கள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பு மற்றதையும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது.

தடுப்பூசி பிறந்ததே இப்படித்தான். 1796ல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையின் கொப்புள நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். பெரியம்மை அவனை அண்டவில்லை. லத்தீனில் பசுவுக்கு ‘வாக்கா’ என்று பெயர். வாக்சின் அதிலிருந்து வந்தது. பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையையும் சுமார் 85 சதவீதம் தடுப்பதாகத் தெரிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘குறுக்குப் பாதுகாப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. குறுக்கு வழி, குறுக்குப் புத்தி, குறுக்கு வலி என்று நமக்கு அந்தச் சொல் வேறு எங்கெங்கோ போய்விடுகிறது. காப்பு அப்படியில்லை. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டிலும் கட்டுத்தரையிலும் காப்புக் கட்டுகிற ஊர் இது. ஒரு நோயின் ஊசி இன்னொன்றைத் தடுக்கக் காரணம் அந்தக் கிருமிகளுக்குள் இருக்கும் உறவு. ஆகவே உறவுக் காப்பு. காரணமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கொரோனா நேரத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி காக்குமா என்று பார்த்தார்களே, அதை இந்தப் பெயரில் சேர்க்கக் கூடாது. அங்கே உறவே கிடையாது: ஒன்று பாக்டீரியா, மற்றது வைரஸ்.

உறவுக் காப்பு முழுக் காப்பும் அல்ல. ஆட்டம்மை ஊசி போட்ட மாட்டுக்கும் லம்பி வருவதுண்டு. அதனால்தான் லம்பி வைரஸிலிருந்தே லம்பி-ப்ரோவாக்இண்ட் என்ற தடுப்பூசியை உருவாக்கி 2022ல் அறிமுகப்படுத்தினார்கள். அதை நேர்க் காப்பு எனலாம்.