ஆலைக் கழிவுநீரை நகரம் எப்படி அளந்து பிடிக்கிறது?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையான வேலையாட்கள் பாக்டீரியாக்கள்தான். வீடுகளிலிருந்து வரும் மலமும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றுக்கு உணவு. தாமிரமும் குரோமியமும் சயனைடும் அவற்றுக்கு நஞ்சு. ஒரு முலாம் பூசும் பட்டறை தன் தொட்டியை இரவோடு இரவாகச் சாக்கடையில் கவிழ்த்தால், நிலையத்தின் தொட்டி நிறைய உள்ள பாக்டீரியாக்கள் செத்துப்போய், ஊர்க் கழிவு முழுவதும் அரைகுறையாக ஆற்றில் போய் விழும்.

அளவு குறைவாக இருந்தாலும் உலோகம் மறைந்துவிடாது. ஒரு பங்கு ஆற்றுக்குப் போகும், மறு பங்கு நிலையத்தின் அடியில் படியும் கசட்டில் தங்கும். அமெரிக்காவில் அந்தக் கசடு வயலுக்கு எருவாகப் போவதுண்டு. ஒரு கிலோ உலர்ந்த கசட்டில் தாமிரம் 4300 மில்லிகிராமையோ, ஈயம் 840-ஐயோ, காட்மியம் 85-ஐயோ தாண்டினால் அதை மண்ணில் இடவே கூடாது. தீப்பற்றும் ஆபத்து தனி. 1981 பிப்ரவரி 13 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், சோயா எண்ணெய் ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன, எளிதில் தீப்பற்றும் கரைப்பானான ஹெக்சேனின் ஆவி வெடித்து, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெருக்களைப் பிளந்தது.

ஆலை தன் நீரைச் சாக்கடையில் விடும் முன்பே சுத்தம் செய்ய வேண்டும் என்பது முன்சுத்திகரிப்பு. அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டத்தின் கீழ் 1978-இல் வந்த முன்சுத்திகரிப்பு விதிகள் இந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை நகரங்களிடம் கொடுத்தன. சில தடைகள் எல்லா ஆலைக்கும் பொது. பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 5-க்குக் கீழே உள்ள அமில நீர் கூடாது. 60 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே ஆவி தீப்பற்றும் கழிவு கூடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் நீரை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கும் வெப்பமும் கூடாது. இதற்கு மேல் ஒவ்வொரு தொழிலுக்கும் மத்திய அரசின் தனி வரம்பு உண்டு. உலோக மேற்பூச்சு ஆலைகளில் பழையவற்றுக்கு ஒரு நாளின் உச்சம் லிட்டருக்குக் குரோமியம் 2.77 மில்லிகிராம், தாமிரம் 3.38, சயனைடு 1.20.

நகரம் தனக்கென்று ஒரு வரம்பையும் போடும். அது கணக்கிலிருந்து வருவது. ஒரு நகரத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். பாக்டீரியா, ஆற்று நீர், கசடு மூன்றும் எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, மூன்றிலும் குறைந்ததை எடுத்ததில், நிலையம் நாளுக்கு 6 கிலோ தாமிரம் தாங்கும் என்று வந்தது. வீட்டுக் குழாய்கள் அரித்து வருவது 1.5 கிலோ. பாதுகாப்புக்கும் வளர்ச்சிக்கும் 10 சதவீதம், அதாவது 0.6 கிலோ ஒதுக்கு. மீதி 3.9 கிலோ. ஆலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது 15 லட்சம் லிட்டர் என்றால், லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். மத்திய வரம்பு 3.38 என்றாலும் இந்த ஊரில் 2.6-தான் செல்லும். இரண்டில் கடுமையானது எதுவோ அதுவே சட்டம்.

பட்டறைக்குள் இதைச் சாதிப்பது வேதியியல். குரோமியம் ஆறு இணைதிறனில், மஞ்சளாகக் கரைந்திருக்கும். முதலில் கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2-க்கும் 3-க்கும் இடையே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்தால் அது மூன்று இணைதிறனுக்கு இறங்கி, நீர் பச்சையாக மாறும். பிறகு காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ விட்டு 8.5 அளவுக்கு உயர்த்தினால் குரோமியம் ஹைட்ராக்சைடு திரண்டு அடியில் படியும். பச்சை தெரிந்துவிட்டதே என்று அவசரப்படக் கூடாது. மேலே மிதக்கும் நீரில் இலேசான மஞ்சள் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். கோளாறுக்கு ஒரு காரணம் அழுக்குப் படிந்த அளவுக் கருவியின் மின்முனை: அது தவறான எண்ணைக் காட்டும், பம்பு அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடும். பிஎச்சை அளவுக்கு மீறி ஏற்றினாலும் படிந்த குரோமியம் திரும்பக் கரையும். சயனைடு நீரைத் தனிக் குழாயில் கொண்டுபோய், பிஎச் 10-க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட்டால் சிதைக்க வேண்டும். அமிலக் குழாயில் அது கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பி ஆளையே கொல்லும்.

ஆனால் எல்லாம் கடைசியில் மாதிரி எடுப்பதில்தான் நிற்கிறது. வரம்பு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், தப்பான இடத்தில் தப்பான புட்டியில் பிடித்த நீரை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. முதலில் இடம். ஆலையின் கழிப்பறை நீரும் குளிரூட்டும் நீரும் கலப்பதற்கு முன்னால் உள்ள, ஆள் இறங்கும் சாக்கடைக் குழியில் எடுக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு நல்ல நீரைக் கலந்து எண்ணைக் குறைப்பது பழைய தந்திரம், விதி அதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

உலோகங்களுக்கு 24 மணி நேரக் கலவை மாதிரி. மூடியைத் திறந்து, ஐஸ் நிரப்பிய தானியங்கி மாதிரி எடுப்பானைக் குழிக்குள் தொங்கவிடுவார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 100 மில்லிலிட்டர் உறிஞ்சினால் ஒரு நாளில் 96 முறை, 9.6 லிட்டர். ஆலை மதியம் மட்டும் பெரிய அளவில் நீர் விடுகிறது என்றால் நேரத்தை நம்பாமல் ஓட்ட அளவைப் பொறுத்து உறிஞ்ச வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவின் வெறும் சொட்டும் மதிய வெள்ளமும் ஒரே எடை பெறும்.

பிஎச், சயனைடு, எண்ணெய், ஆவியாகும் கரைப்பான்கள் நான்கையும் ஒரே பிடியில் எடுத்த தனி மாதிரியில்தான் பார்க்க வேண்டும். காலையில் அமிலமும் மாலையில் காரமும் விட்ட ஆலையின் கலவை 7 என்று சாதுவாகக் காட்டும். எண்ணெய் ரப்பர் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணாடிப் புட்டியை நேராக நீரில் பிடிக்க வேண்டும். எடுத்த பின்னும் நேரம் ஓடுகிறது. பிஎச்சைக் குழியருகிலேயே 15 நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். உலோகப் புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே வைத்தால் 6 மாதம் தாங்கும். சயனைடுக்கு இதற்கு நேர்மாறாகக் காரம். இரண்டு புட்டியையும் மாற்றி அமிலத்தைச் சயனைடில் விட்டால் அளக்க வேண்டியது வாயுவாகப் போய்விடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. புட்டி கைமாறும்போதெல்லாம் கொடுத்தவரும் வாங்கியவரும் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் வழக்கு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

நகரம் பெரிய ஆலை ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து மாதிரி எடுக்க வேண்டும். ஆலை தன் பங்குக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். வரம்பு மீறியது தெரிந்தால் ஆலை 24 மணி நேரத்துக்குள் நகரத்துக்குச் சொல்லி, மறுபடி மாதிரி எடுத்து அந்த முடிவை 30 நாளுக்குள் தர வேண்டும். ஆறு மாத அளவீடுகளில் 66 சதவீதமோ அதற்கு மேலோ மீறியிருந்தால் அந்த ஆலையின் பெயர் நாளேட்டில் அச்சாகும். அபராதத்தோடு இதற்கும் ஆலைகள் அஞ்ச வேண்டியிருக்கிறது.

யார் விட்டது என்றே தெரியாதபோது சாக்கடையின் மேல்நோக்கிக் குழி குழியாக நடக்க வேண்டும். ஜெர்மன் நகரங்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கின்றன: குழாய்ச் சுவரில் படிந்த வழவழப்பான நுண்ணுயிர்ப் படலத்தைச் சுரண்டிச் சோதிப்பது. நள்ளிரவில் ஓடி மறைந்த நீரின் உலோகம் அந்தப் படலத்தில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். இரண்டு குழிகளுக்கு நடுவே அளவு திடீரென்று எகிறும் இடத்தில் எந்த ஆலையின் இணைப்பு வந்து சேருகிறது என்று வரைபடத்தில் பார்த்தால் போதும்.