'பார்த்துக்கொள்வார்': பிராவிடன்ஸ் என்ற சொல்லின் கதை

சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று ஒரு பிடித்தம் இருக்கும். விரித்தால் பிராவிடன்ட் ஃபண்ட். இங்கே அதை வருங்கால வைப்பு நிதி என்கிறோம். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி என்பார்கள். அந்த 'பிராவிடன்ட்'டும், கிறிஸ்தவ இறையியலில் பல நூற்றாண்டாக அடிபடும் 'பிராவிடன்ஸ்' என்ற சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே, 'விதேரே' என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்த 'ப்ரோவிதேரே', வரப்போவதைப் பார்த்து வேண்டியதை எடுத்துவைப்பதைக் குறித்தது. மழைக்காலத்துக்கு முன்பே விறகை உள்ளே அடுக்கிவிடும் வீட்டுக்காரி செய்வது அதுதான்.

அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'ப்ரோவிதென்சியா'. கடவுள் உலகைப் படைத்துவிட்டுப் போய்விடவில்லை, தொடர்ந்து கவனித்து நடத்துகிறார் என்ற நம்பிக்கைக்குக் கிறிஸ்தவர்கள் இட்ட பெயர் இது. ஆனால் சொல் அவர்கள் உண்டாக்கியதல்ல. ஸ்டோயிக் என்ற பழைய தத்துவ மரபினர் கிரேக்கத்தில் 'ப்ரோனோயா' என்று பேசிக்கொண்டிருந்ததைத்தான் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இப்படி லத்தீனாக்கினார். கிரேக்கச் சொல்லில் இருப்பது முன் எண்ணம். லத்தீன் சொல்லில் இருப்பது பார்வை. எண்ணம் எப்படியோ பார்வையாகிவிட்டது, அதுவும் நல்லதற்கே.

விவிலியத்தில் 'ப்ரோனோயா' கடவுளுக்குரியதாக வரும் ஓர் இடம் சாலமோனின் ஞானம் 14:3. பிராட்டஸ்டன்ட் பைபிளில் இந்த நூல் இல்லை என்பதால் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அங்கே பேச்சு ஒரு கப்பலைப் பற்றியது. லாப ஆசை கப்பலைத் திட்டமிட்டது, தச்சனின் ஞானம் அதைக் கட்டியது, ஆனால் தந்தையே, அதைச் செலுத்துவது உமது ப்ரோனோயா என்கிறது. இதைப் படித்ததும் எனக்குப் புறநானூறு 192-தான் ஞாபகம் வந்தது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டில் மலையாற்று வெள்ளத்தில் 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' உயிர் போகிறது. அங்கே சுக்கான் கிடையாது, சுக்கான் பிடிப்பவரும் கிடையாது; ஆறு போகிற வழியில் தெப்பம் போகும். ஊழ் என்பது அந்த ஆறு. ஞான நூலில் கப்பல் கட்டிய கை ஒன்று, ஓட்டுகிற கை ஒன்று. எனவே பிராவிடன்ஸை 'ஊழ்' என்றோ 'விதி' என்றோ மொழிபெயர்ப்பவர், ஓட்டுகிறவரைக் கடலில் தள்ளிவிட்டுத்தான் மொழிபெயர்க்கிறார். 'முன்குறித்தல்' வேறு, அது உரோமர் 8-இல் வருவது, மீட்புக்காகக் கடவுள் மனிதரை முன்னதாகவே தேர்ந்துகொள்வது பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்கிறார்கள்? கத்தோலிக்க நூல்களில் 'இறைப் பராமரிப்பு', பழைய நடையில் 'தேவ பராமரிப்பு'. பராமரிப்பு வடமொழி 'பராமர்ச'விலிருந்து வந்தது. அதற்குத் தொடுதல், ஆராய்தல் என்று பொருள். தெலுங்கில் இன்றும் பராமர்ச என்றால் துக்க வீட்டுக்கோ நோயாளியிடமோ போய் விசாரிப்பது. தமிழுக்கு வந்தபோது விசாரிப்பு பேணுதலாக வளர்ந்தது. நல்ல சொல்தான். ஒரே சங்கடம், இன்று பராமரிப்பு என்றதும் 'காலை 9 மணி முதல் மின்தடை' என்று மனம் தானாகவே முடித்துவிடுகிறது.

பேச்சு வழக்கில் 'தெய்வாதீனம்' உண்டு. பேருந்து கவிழ்ந்தால், 'தெய்வாதீனமாக அனைவரும் உயிர் தப்பினர்' என்று செய்தி வரும். பேருந்து பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த நாளில் யாரும் அப்படி எழுதுவதில்லை. பிராவிடன்ஸோ அந்தச் சாதாரண நாளையும் சேர்த்துத்தான். இந்தச் சொல்லில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மனிதனின் சுதந்திரத்துக்குப் பழைய கிறிஸ்தவத் தமிழில் 'சுயாதீனம்' என்பார்கள். தெய்வாதீனம், சுயாதீனம் இரண்டிலும் இருப்பது ஒரே 'அதீனம்'. ஒருவர் வசம் இருப்பது என்று பொருள். ஒரு நிலம் அவர் அதீனத்தில் இருந்தால் என் அதீனத்தில் இல்லை. கடவுளின் செயலும் மனிதனின் விருப்பமும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வியை இந்த இரண்டு சொற்களை வைத்துக் கேட்டால், அது பட்டா தகராறாகத்தான் முடியும். அவருக்கு எத்தனை சென்ட், எனக்கு எத்தனை சென்ட்?

ஐரோப்பாவிலும் கொஞ்சம் அப்படித்தான் போனது. 1524-இல் அறிஞர் எராஸ்முஸ் மனிதச் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, அடுத்த ஆண்டே சீர்திருத்தவாதி லூத்தர் அதை மறுத்து, மனித விருப்பம் அடிமைப்பட்டது என்று எழுதினார். பாவத்தால் அது பலவீனப்பட்டதே தவிர அழிந்துவிடவில்லை என்று 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் சொன்னது. அப்புறம் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சண்டை. இயேசு சபையின் லூயிஸ் தெ மொலினா இதே கேள்வியைப் பற்றி 1588-இல் லிஸ்பனில் வெளியிட்ட நூலை எதிர்த்து தொமினிக்கன் சபையினர் கிளம்பினார்கள். ரோமில் 1598-இல் தொடங்கிய விசாரணை 1607 வரை இழுத்தது. கடைசியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லவில்லை. ஒருவரையொருவர் திருமறைக்குப் புறம்பானவர் என்று பட்டம் கட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிய வழக்கு மாதிரி அது இன்னும் நிற்கிறது.

சுதந்திரத்துக்கான லத்தீன் சொல்லையும் பார்த்துவிட வேண்டும். 'லிபெரும் அர்பித்ரியும்'. இதைச் 'சுயசித்தம்' என்றும் 'கட்டற்ற விருப்பம்' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அர்பித்ரியும் விருப்பம் அல்ல. நடுவர் சொல்லும் முடிவு. நன்மையையும் தீமையையும் முன்னே வைத்து, இது என்று தீர்மானிக்கும் ஆற்றல். மனம் போன போக்கில் போவதற்கு எதிரானது என்றுகூடச் சொல்லலாம். 'தேர்வுரிமை' என்றால் ஓரளவு நெருங்கி வரும்.

இந்தத் தகராறுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே ஒருவர் சொல்லிலேயே ஒரு வழி கண்டார். போயத்தியஸ் ரோமானிய அறிஞர். மன்னன் தியோடொரிக்கின் கோபத்துக்கு ஆளாகி, 524-ஐ ஒட்டி, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது எழுதிய நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நான் நாளை செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், நான் வேறு மாதிரி செய்ய முடியுமா? அவர் பதில்: கடவுளுக்கு நாளை என்று ஒன்று இல்லை, எல்லாக் காலமும் அவர் முன் நிகழ்காலமாக நிற்கிறது. அதனால்தான் இதை 'ப்ரேவிதென்சியா' என்று சொல்லாமல் 'ப்ரோவிதென்சியா' என்கிறோம் என்றார். 'ப்ரே' என்பது காலத்தால் முந்துவது. 'ப்ரோ'வுக்கு அவர் கொடுத்த விளக்கம், உச்சியில் நின்று கீழே உள்ள அனைத்தையும் தூரப் பார்ப்பது. மொட்டைமாடியில் நிற்கிற நான், தெருவில் ஒருவர் வலது பக்கம் திரும்புவதைப் பார்க்கிறேன். நான் பார்த்ததால் அவர் திரும்பவில்லை.

அழகான வாதம், ஆனால் பாதிதான். மாடியில் நிற்கிறவர் தெருவை உண்டாக்கவில்லை. கடவுள் வெறும் பார்வையாளர் அல்ல, நடக்கிறவரின் காலுக்கு உயிர் கொடுப்பவரும் அவரே என்று கிறிஸ்தவம் சொல்கிறதே? இதற்கு 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இரண்டு அடுக்குக் காரணங்களைச் சொன்னார். கடவுள் எல்லாவற்றுக்கும் மூல காரணர், மனிதன் அவருக்குக் கீழே உண்மையான காரணன். ஒரு செயல் பாதி அவருடையது பாதி இவனுடையது அல்ல. முழுக்க இருவருடையதும், வெவ்வேறு தளத்தில். சுதந்திரமாகச் செயல்படுகிறவனைச் சுதந்திரமாகவே செயல்பட வைப்பதும் அவர் வேலைதான்.

இதைத் தமிழில் 'முதற்காரணம், துணைக்காரணம்' என்று எழுதிவிடுகிறார்கள். சைவ சித்தாந்தம் படித்தவர் கையில் அது கிடைத்தால் போச்சு. அங்கே பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கடவுளை முதற்காரணம் என்றால் அவரைக் களிமண்ணாக்கிவிட்டோம் என்று பொருள். மனிதனைத் துணைக்காரணம் என்றால் அவன் வெறும் சக்கரம்.

எனக்குப் பிடித்த தமிழ்ச் சொல் எந்தக் கலைச்சொல் பட்டியலிலும் இல்லை. ஆதியாகமம் 22-இல் ஆபிரகாமும் ஈசாக்கும் மலை ஏறுகிறார்கள். நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்கிறான். தேவன் 'பார்த்துக்கொள்ளுவார்' என்கிறார் தகப்பன். எபிரேயத்தில் அங்கே இருப்பது 'பார்' என்ற சாதாரண வினை. லத்தீன் விவிலியம் அதை 'ப்ரோவிதேபித்' என்று, நம் சொல்லின் வேர் வினையாலேயே பெயர்த்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வினையை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. 'பார்' உடன் 'கொள்' சேர்ந்தால் போதும், பார்வை பொறுப்பாகிவிடும். இது அதீனம் மாதிரி ஒரே பொருளுக்கு இருவரை மோத விடாது. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொன்னால், பிள்ளை ஓடாது என்று யாரும் நினைப்பதில்லை. ஓடுகிற பிள்ளையைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆச்சி ஊருக்குப் புறப்படும்போது 'வீட்டைக் கர்த்தர் பார்த்துக்குவார்' என்பார். சொல்லிக்கொண்டே பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆராய்ச்சி நூலுக்கு 'இறைப் பராமரிப்பு' இருக்கட்டும். 'தேவசித்தம்' என்பதை மட்டும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டி ஒரு பையன் செத்த வீட்டிலும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சித்தம் என்பது விரும்பித் தீர்மானிப்பது. வண்டியைச் சரி பார்க்காமல் விட்டவரின் பங்கை அது பேசாமல் துடைத்துவிடும்.

யோசேப்பு அப்படித் துடைக்கவில்லை. இருபது வெள்ளிக்காசுக்குத் தன்னை விற்ற அண்ணன்மார், பல வருஷம் கழித்து எகிப்தில் அவன் காலில் விழுகிறார்கள். 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள். தேவனோ' அதை 'நன்மையாக முடியப்பண்ணினார்' என்கிறான். தமிழில் இரண்டு வினை, நினைத்தலும் முடித்தலும். எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான், எண்ணித் திட்டமிடும் 'காஷவ்'. நீங்கள் தீமைக்கு எண்ணினீர்கள், கடவுள் அதையே நன்மைக்கு எண்ணினார். அண்ணன்மார் செய்து முடித்த பிறகு கடவுள் வந்து ஒட்டுப் போட்டதாக அதில் இல்லை. அவர்கள் வெறும் கருவி என்றும் இல்லை. முதல் பாதியின் எழுவாய் 'நீங்கள்'தான், யோசேப்பு அதை மாற்றவில்லை.