மானியமா நல்கையா?

ஸ்கூலுக்கு "கிராண்ட்" வந்துச்சா, "மானியம்" வந்துச்சான்னு கேக்குறோம்ல, அந்த மானியங்கிற சொல்லைப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அது வடமொழி "மான்ய"ல இருந்து வந்தது, மதிப்புக்குரியதுன்னு அர்த்தம், சன்மானத்துல இருக்கிற அதே மானம்தான். ஒருத்தரையோ ஒரு கோயிலையோ மதிச்சு, வரி இல்லாம விட்ட நிலம்தான் மானியம். அதுக்கு சோழர் கல்வெட்டுல இருக்கிற தமிழ்ச்சொல் இறையிலி, இறைன்னா வரி.

கிராண்ட் வேற வழியா வந்த சொல். பழைய பிரெஞ்சுல உறுதி கொடுக்குறதுன்னு பொருள், அதோட வேர் லத்தீன்ல நம்புறதுங்கிற வினை. 1854ல, லண்டன்ல இருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனிச்ச சார்லஸ் வுட் கல்வியைப் பத்தி அனுப்பின அறிக்கைக்கு அப்புறம் தனியார் பள்ளிகளுக்கு அரசு பணம் குடுக்குற முறை இந்தியாவுல வந்துச்சு, அந்த கிராண்ட்-இன்-எய்டைத்தான் உதவி மானியம்னு எழுதுறோம்.

இப்ப சிக்கல் என்னன்னா கேஸ் சிலிண்டருக்கும் மானியம், உரத்துக்கும் மானியம், பள்ளிக்கும் மானியம். விலையில கொஞ்சத்தை அரசு ஏத்துக்கிறதும் ஒரு பள்ளியை நடத்தக் குடுக்குற பணமும் ஒண்ணா? கேக்குறவங்களுக்கு ஏதோ சலுகை மாதிரி தோணுது, எனக்கு அது உறுத்துது, ஏன்னா அது நம்ம வரிப்பணம், பிள்ளைங்களுக்குச் சேர வேண்டியது.

அந்தப் பள்ளிப் பணம் எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசோட சமக்ர சிக்ஷா திட்டத்துல பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40ங்கிற கணக்கு, அதுல பள்ளிக்கு நேரா வர்ற ஒருங்கிணைந்த மானியம் யூடைஸ்ங்கிற அரசோட பள்ளி விவரப் பதிவுல பதிஞ்ச மாணவர் எண்ணிக்கையை வச்சுதான், 101ல இருந்து 250 பிள்ளைங்க வரைக்கும் 50,000 ரூபாய், 1000க்கு மேல இருந்தா 1,00,000. தலைக்கணக்கு புதுசு இல்ல. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்துல ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 340 மாணவர் படிச்ச வேதக் கல்லூரிக்கு 45 வேலி (பழைய நில அளவு) நிலம், ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை நாழி நெல்லுன்னு அளந்தே எழுதி வச்சிருக்காங்க. எல்லாருக்குமான படிப்பு இல்ல அது, ஆனா கணக்கு சுத்தமான கணக்கு.

கிராண்டுக்கு நல்ல தமிழ் நல்கை. நல்குதல்னா மனசார குடுக்குறது, சங்கப் பாட்டுலயே இருக்கிற சொல். யூஜிசியைக் கூட பல்கலைக்கழக நல்கைக் குழுன்னு எழுதுறவங்க இருக்காங்க. அப்ப பள்ளி நல்கைன்னே சொல்லலாமே, மானியத்தை சிலிண்டருக்கு விட்டுடலாம். ஒதுக்கீட்டையும் இதோட குழப்பிக்காதீங்க, பட்ஜெட்ல எழுதுறது ஒதுக்கீடு, அதைக் கையில குடுக்குறது விடுவிப்பு, ரெண்டுக்கும் நடுவுல மாசக்கணக்குல இழுக்கும், அதுக்குள்ள சாக்பீஸ் வாங்குறது யாரு, பல எடத்துல டீச்சர்தான்.

இன்னொண்ணு, நல்குரவுன்னு ஒரு சொல் இருக்கு, பாக்க நல்கை மாதிரியே இருக்கும், ஆனா அதுக்குப் பொருள் வறுமை.